மலை ஏறுமுன் மழையை அறிவோம்



நம் தோட்டத்துச் செம்பனை வரிசைகளுக்கு அப்பால், காலை வேளையில் நீலமாகத் தோன்றும் மலையை நாம் அனைவரும் நாள்தோறும் காண்கிறோம். அதன் உச்சிக்குச் சென்று பார்க்க வேண்டும் என்னும் ஆவல் பிள்ளைகளின் உள்ளத்தில் எழுவது இயல்பே. இக்காலத்தில் வார இறுதியானால் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்து மலையேறுகின்றனர். நம் மாணவர்களும் அண்ணன் அக்காமார்களுடன் செல்லத் தொடங்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், மலையேறுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மாநிலத்து மலைகள்

ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த மலை தங்காக் வட்டாரத்திலுள்ள லேடாங் மலையாகும். அதன் உயரம் 1,276 மீட்டர். தங்கப் பாலமும் வெள்ளிப் பாலமும் சீராகக் கேட்டு மலாக்கா சுல்தானைத் திகைக்க வைத்த இளவரசியின் கதை இம்மலையைப் பற்றியதே. குளுவாங் வட்டாரத்தில் 1,010 மீட்டர் உயரமுள்ள பெலுமுட் மலையும், குளுவாங் பட்டணத்தை ஒட்டியே 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக் மலையும் உள்ளன. ஜொகூர் பாரு மாநகருக்கு அருகில், கூலாய்ப் பக்கத்தில் அமைந்திருப்பது பூலாய் மலை. 654 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன.

உயரே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் குறையும். நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 பாகை செல்சியஸ் குறைவதாகக் கணக்கிடலாம். அவ்வாறாயின், அடிவாரத்தைவிட லேடாங் உச்சியில் 8 பாகையளவு குளிர்ச்சி மிகுந்திருக்கும். வியர்த்து நனைந்த சட்டையோடு அங்கே நிற்பவருக்கு உடல் நடுங்குவது இதனாலேயே.

மலையும் நீரும்

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுகிறது. மேலே சென்றதும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல ஈரத்தைத் தாங்க இயலாது. ஆகவே அந்த ஈரம் முகிலாகி, மழையாகப் பொழிகிறது. காட்டின் வேர்களும் சருகும் அம்மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. மலையை நீர்த்தொட்டி என்று கூறின் மிகையாகாது.

இதற்குப் பூலாய் மலையே சான்று. சிங்கப்பூர் நகரம் தன் குடிநீருக்காக 1927ஆம் ஆண்டில் ஜொகூருடன் ஓர் உடன்படிக்கை செய்து, பூலாய் மலைப் பகுதியின் நீரைப் பெற வழி செய்துகொண்டது. அதற்குப் பதிலாக 1961ஆம் ஆண்டில் செய்யப்பட்ட உடன்படிக்கை 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் முடிவுற்றது. அப்பொழுது பூலாய் நீர் நிலையம் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு மாநகரின் தாகத்தைத் தீர்த்த நீர், மாணவர்களே, நாம் தாண்டிச் செல்லும் சின்னஞ்சிறு ஓடைகளில் பிறந்த நீர்தான்.

சிறு துளி பெரு வெள்ளம்

தாகம் தீர்க்கும் இதே ஓடை சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிப்பது எவ்வாறு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால், அந்நீர் 1 லிட்டராகும். ஒரு சதுர கிலோ மீட்டர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். மலையின் மேற்பகுதியில் ஒரு சதுர கிலோ மீட்டர் பரப்பில் 50 மில்லி மீட்டர் மழை கொட்டினால், அந்நீர் 5 கோடி லிட்டராகும். அதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சும். தொடர் மழையால் மண் முன்னமே நிறைந்திருந்தால் உறிஞ்சுவதும் குறையும். எஞ்சிய நீர் முழுவதும் சரிவில் இறங்கி, கீழேயுள்ள ஒரே குறுகிய ஓடையில் வந்து சேர்கிறது. இவ்வாறு ஓர் ஓடைக்கு நீர் தரும் நிலப்பரப்பினையே நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், நம் தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும், மலைமேல் மழை பெய்தால் நம் காலடியில் வெள்ளம் வரும் என்பதாகும்.

ஒரு பெரியவர் கற்பித்த பாடம்

1993ஆம் ஆண்டு, நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். பதினெட்டு மாணவர்களைப் பூலாய் மலையடிவாரத்திற்கு அழைத்துச் சென்றேன். துணைக்குத் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவரும் வந்தார். காலையில் ஓர் ஓடையை, கற்களின்மேல் கால் வைத்து, செருப்பு நனையாமலே கடந்தோம். பிற்பகலில் அதே இடத்திற்குத் திரும்பினோம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள்மேல் ஒரு துளி மழையும் இல்லை. எங்களை ஏற்றிச் செல்லும் லாரி காத்திருக்குமே என்னும் அவசரத்தில் நானே முதற்கல்லில் காலை வைத்துவிட்டேன்.

பெரியவர் என் தோளைப் பற்றி நிறுத்தினார். "தண்ணி கலங்கி வருது வாத்தியாரே. எலையும் குச்சியுமா வருது பாருங்க. மேல மழை பிடிச்சிருச்சு. பிள்ளைங்களை மேட்டுக்கு ஏத்துங்க" என்றார்.

எனக்குச் சற்றுச் சினமே உண்டாயிற்று. ஆயினும் அவர் சொற்படி மாணவர்களை மேட்டில் அமர்த்தினேன். கால் மணி நேரத்திற்குள் நீரின் ஓசை மாறியது. காலையில் நாங்கள் மிதித்த கற்களுள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. செந்நிற வெள்ளம் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இருட்டுமுன் நீர் வடிந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் நலமாக வீடு சேர்ந்தனர்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்னும் சொல்லைப் பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவன் நான். அச்சொல்லை ஒரு நாளும் கேட்டறியாத அப்பெரியவரோ, விடியற்காலையில் காட்டோரம் நடந்து நடந்து அதன் பொருளை அறிந்திருந்தார். அன்று அவர் வாராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ண இன்றும் என் நெஞ்சம் நடுங்குகிறது. நம் பெற்றோர்களிடம் இத்தகைய அறிவு நிறைய உண்டு. பிள்ளைகள் கேட்டறிய வேண்டும். பெற்றோர்கள் சொல்லித்தர வேண்டும்.

2001ஆம் ஆண்டின் புயல்

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் புயல் உருவாவது மிக அரிது. பூமியின் சுழற்சியால் காற்றுக்கு உண்டாகும் திருப்பம் இங்கே மிகக் குறைவாக இருப்பதே காரணம். ஆயினும், 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், 'வாமேய்' என்னும் புயல் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே, ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. அதன் கடும் மழையால் பூலாய் மலைச்சாரலில் மண்சரிந்து ஐவர் உயிரிழந்தனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தப்பி வந்த அதே மலை! செய்தியைக் கேட்ட அன்று நான் அந்தப் பெரியவரின் வீட்டிற்குச் சென்று, அவர் கைகளைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பெரியவர் துணையின்றியும், வீட்டில் சொல்லாமலும் மலைக்குச் செல்லலாகாது. எந்த வழியாக ஏறுகிறோம், எப்பொழுது திரும்புவோம் என்பதையும் சொல்லிச் செல்ல வேண்டும். அனுமதி தேவையா, வழிகாட்டி தேவையா என்பதை வனத்துறையிடமோ பூங்கா அலுவலகத்திடமோ முன்னரே விசாரித்தறிக.

2. விடிந்ததும் புறப்படுக. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால், நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குக. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

3. நீர் கலங்கினாலும், இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும், ஓசை மிகுந்தாலும் உடனே கரையேறி மேட்டிற்குச் செல்க. விரைந்தோடும் நீர் முழங்காலளவே இருந்தாலும் வளர்ந்த மனிதரைச் சாய்த்துவிடும். காத்திருப்பது கோழைத்தனமன்று, அதுவே அறிவுடைமை.

4. போதிய குடிநீர் கொண்டு செல்க. ஆல்ஃபிரட் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆய்வாளர் 1854ஆம் ஆண்டில் லேடாங் மலையேறியபொழுது தாகத்தால் வருந்தி, பூச்சிகள் மிதந்த குடுவைச் செடியின் நீரைக் குடித்துப் பார்த்தார். மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா' என்று அழைக்கும் செடியே அது. நமக்கு அந்த நிலை வேண்டா.

5. வழி தவறினால் அங்குமிங்கும் ஓடாது ஒரே இடத்தில் இருந்து குரல் கொடுங்கள். தொலைபேசி இயங்கினால் 999 என்னும் எண்ணை அழையுங்கள்.

மாணவச் செல்வங்களே! உச்சியை அடைவது பெருமைதான். ஆனால் மலை எங்கும் போய்விடாது. இன்று திரும்பி வந்தவர் நாளை மீண்டும் ஏறலாம். வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும் அன்னையை மறவாதீர்கள். மலையில் ஏறுங்கள், மழையை மதியுங்கள், நலமாகத் திரும்புங்கள்.

பயிற்சி

1. லம்பாக் மலையின் உச்சி அடிவாரத்தைவிட 500 மீட்டர் உயரமாக இருப்பதாகக் கொண்டால், அங்கே எத்தனை பாகை குளிர்ச்சி மிகுந்திருக்கும்?

2. 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள பள்ளித்திடலில் 30 மில்லி மீட்டர் மழை பெய்தால், அந்நீர் எத்தனை லிட்டர்?

3. மேலே மழை பெய்வதை ஓடை நீரைக் கொண்டு அறிவது எவ்வாறு? உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் கூறும் வேறு அறிகுறிகளையும் எழுதி வருக.