பால் வெட்டலாம், மரத்தை வெட்டலாமா? – இணையத்தில் பீட் விற்போருக்கு ஒரு பாடம்



ஒரு பாடலை வெளியிட ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும். வாத்தியக் கலைஞர்கள் வேண்டும். குறுந்தட்டைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்க ஒரு நிறுவனமும் வேண்டும். 2006-இல் யோகி பி & நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ வந்தபோது நம் அண்ணன்மார்கள் குறுந்தட்டு வாங்கித்தான் கேட்டார்கள். இன்றோ ஒரு மடிக்கணினியும் ஒரு ஹெட்போனும் இணைய இணைப்பும் இருந்தால், தோட்டத்து வீட்டில் அமர்ந்தே இசையமைத்து உலகத்துக்கு விற்கலாம்.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்திலுள்ள பெம்பான் என் ஊர். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, அதன்பின் பல்கலைக்கழகம் என்று வந்தவன் நான். இரண்டாம் ஆண்டிலிருந்து எஃப்.எல். ஸ்டூடியோ மென்பொருளில் பீட் அமைத்து இணையத்தில் விற்று வருகிறேன். பெரிய வருமானம் என்று சொல்வதற்கில்லை. புத்தகச் செலவுக்கும் தீபாவளிக்கு ஊர் திரும்பும் பேருந்துக் கட்டணத்துக்கும் கைகொடுக்கிறது.

என்னிடம் வரும் தம்பி தங்கைகள் பொதுவாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எந்த மென்பொருள் நல்லது? எந்த மைக் வாங்கலாம்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாம் விற்பது உண்மையில் எதை? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

பீட் என்றால் என்ன?

பாடகரின் குரலும் பாடல் வரிகளும் இல்லாத, தாளமும் கருவியிசையும் சேர்ந்த முழுப் பின்னணி இசையையே பீட் என்கிறோம். அதை அமைப்பவர் தயாரிப்பாளர். பாடகரோ ராப் கலைஞரோ அதை வாங்கித் தம் வரிகளை அதன்மேல் பாடிப் பதிவு செய்கிறார். பீட்ஸ்டார்ஸ் போன்ற இணையச் சந்தைகளில் தயாரிப்பாளர் தம் பீட்களைப் பதிவேற்றி, விலையும் நிபந்தனையும் குறித்து வைப்பார். வாங்குபவர் பணம் கட்டியவுடன் ஒலிக்கோப்பும் உரிமப் பத்திரமும் அவருக்குப் போய்ச் சேரும். பலர் ஒலிக்கோப்பைத் திறந்து கேட்பார்கள். உரிமப் பத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால், வியாபாரம் நடப்பது அந்தப் பத்திரத்தில்தான்.

30 டாலர் பாட்டு

இத்துறையில் உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற பதின்ம வயது இளைஞர் ஒரு பீட்டைப் பீட்ஸ்டார்ஸில் பதிவேற்றியிருந்தார். அப்போது யாருக்கும் தெரியாத லில் நாஸ் எக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் 2018-இல் அதை 30 டாலருக்கு வாங்கி ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாடலை உருவாக்கினார். 2019-இல் அப்பாடல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதுவரை இருந்த சாதனை 16 வாரங்கள்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. யங்கியோ 30 டாலருக்குக் கொடுத்தது பயன்படுத்தும் அனுமதி. பீட்டின் உரிமையை அவர் கொடுத்துவிடவில்லை. ஆகவே, பாடல் பெரிதானபோது அதன் தயாரிப்பாளராகவும் இயற்றியவர்களில் ஒருவராகவும் அவர் பெயர் இடம்பெற்றது.

பால்மரம் சொல்லும் பாடம்

அனுமதி வேறு, உரிமை வேறு என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியாத செய்தி அல்ல. மலாயாவில் ரப்பரை முதன்முதலாக வணிகப் பயிராக்கியவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் அவர் பயிரிட்டார். அதே காலக்கட்டத்தில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த எச்.என். ரிட்லி, மரத்தைப் பாழாக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கண்டபடி கொத்தினால் மரம் பட்டுப்போகும். மெல்லச் சீவினால் பட்டை மறுபடி வளரும்; அதே மரம் ஆண்டுக்கணக்கில் பால் தரும். பால்மரம் வெட்டிய என் தாத்தாவுக்கு ரிட்லி யார் என்று தெரியாது. ஆனால், கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அவர் கைக்குத் தெரியும்.

பீட் ஒரு பால்மரம். அனுமதி கொடுப்பது பால் வெட்டுவது. உரிமையை எழுதிக் கொடுப்பது மரத்தையே சாய்த்து விற்பது. மரத்தை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலின் விலைக்கு மரத்தை விற்றுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மூன்று வகை விற்பனை

முதலாவது, பொது அனுமதி. ஒரே பீட்டைப் பலருக்குக் கொடுக்கலாம். எத்தனை முறை இணையத்தில் ஒலிக்கலாம், எத்தனை ஆண்டு செல்லும் என்ற வரம்புகள் இருக்கும். நான் எம்பி3 கோப்புக்கு 80 வெள்ளியும், தரம் கூடிய வேவ் கோப்புக்கு 130 வெள்ளியும், ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகக் கொடுத்தால் 300 வெள்ளியும் வாங்குகிறேன்.

இரண்டாவது, தனி அனுமதி. ஒருவருக்கு மட்டுமே கொடுப்போம். அதற்குப் பிறகு வேறு யாருக்கும் விற்க மாட்டோம். ஆயினும் பீட்டின் உரிமையாளர் நாமே. முன்பே பொது அனுமதி வாங்கியவர்கள் இருந்தால் அவர்களின் அனுமதி தொடரும். புதிதாக வாங்குபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, உரிமை மாற்றம். பீட்டே வாங்கியவருடையதாகிவிடும். அதன்பின் நம் சொந்த மெட்டை நாம் மீண்டும் பயன்படுத்தவும் அவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமே இதற்கு அடிப்படை. இசையைப் பதிவு செய்து ஒரு வடிவம் கொடுத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் மனு போட வேண்டியதில்லை. இசைப் படைப்புக்கு இயற்றியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. எனக்கு இப்போது வயது 22. நான் 72 வயது வரை வாழ்ந்தால், இன்றிரவு அமைக்கும் பீட்டுக்கு 100 ஆண்டுகளுக்கு உரிமை இருக்கும். அதை 100 வெள்ளிக்கு எழுதிக் கொடுத்தால், ஆண்டுக்கு ஒரு வெள்ளி!

இச்சட்டத்தில் மாணவர்கள் அறிய வேண்டிய இரண்டு பிரிவுகள் உள்ளன.

27-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றமோ அனுமதியோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும். “அண்ணன் தம்பிக்குள்ள எதுக்குப்பா பத்திரம்?” என்று கேட்டு முடிக்கும் வியாபாரம் இருவருக்குமே ஆபத்து. 2006-ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டத்தின்படி மின்னஞ்சல் போன்ற மின்னியல் செய்தியும் எழுத்தாக ஏற்கப்படக்கூடும். எனினும், இருவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கத் தாள் இருப்பதே நன்று.

26-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. ஒருவர் நம்மிடம் சொல்லிச் செய்யவைத்த படைப்பாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை அவருக்கு மாறியதாகவே சட்டம் கொள்கிறது. அதாவது, நானாக அமைத்துச் சந்தையில் வைத்த பீட் என்னுடையது. “தம்பி, என் பாட்டுக்கு ஒரு பீட் போட்டுக் கொடு” என்று காசு கொடுத்துக் கேட்டவருக்காக அமைத்த பீட், நான் எதுவும் எழுதி வைக்காவிட்டால், அவருடையதாகிவிடலாம். நம் வட்டாரத்தில் பெரும்பாலான வேலைகள் இப்படிச் சொல்லிச் செய்பவைதாம். கல்யாண அறிமுகப் பாடல், கோயில் திருவிழாப் பாடல், உறுமி மேளக் குழுவின் பாடல் என எல்லாம் இவ்வகையே. ஆகவே, வேலையைத் தொடங்கும் முன்பே “உரிமை தயாரிப்பாளரிடமே இருக்கும், கேட்டவருக்கு அனுமதி வழங்கப்படும்” என்று ஒரு வாக்கியம் எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில் மரம் நிற்கும்.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

சென்ற ஆண்டு கிள்ளானைச் சேர்ந்த பாடகர் ஒருவர் என் பீட்டைக் கேட்டுவிட்டு அழைத்தார்.

“தம்பி, 500 வெள்ளி தரேன். பீட்டு எனக்கே எனக்கா வேணும்.”

“அண்ணே, வேற யாருக்கும் நான் கொடுக்கக்கூடாதா, இல்ல பீட்டே உங்க பேருக்கு மாறணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?”

ஒன்றல்ல என்று பால்மரக் கதையைத்தான் சொன்னேன். அவர் அப்பாவும் தோட்டத்தில் இருந்தவராம், உடனே பிடித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது, வேறொருவர் அதே பீட்டில் பாடி வந்து நிற்கக் கூடாது என்பது மட்டுமே. தனி அனுமதிப் பத்திரம் எழுதினோம். 500 வெள்ளி, பாட்டில் என் பெயர், இயற்றல் வருமானத்தில் பாதி. அந்தப் பாட்டு பெரிதாக ஓடவில்லை. ஆனால், அது என்று ஓடினாலும் என் பங்கு தாளில் இருக்கிறது. அவரும் எந்தப் பயமுமின்றிப் பாடிக்கொண்டிருக்கிறார். எழுத்து நட்பைக் கெடுக்கும் என்பார்கள். எங்களுக்கு அது நட்பைக் காத்தது.

பிறர் மரத்தில் பால் வெட்டலாமா?

நம் உரிமையைப் பேசும் நாம், பிறர் உரிமையையும் மதிக்க வேண்டும். ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாடலில் வரும் பாஞ்சோ ஒலி, நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து எடுத்தது. அத்தொகுப்பை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த மட்டுமே பொது அனுமதி இருந்தது. பிறகு முறைப்படி அனுமதி பெறப்பட்டு, அக்குழுவின் இருவர் பெயரும் இயற்றியவர் வரிசையில் சேர்ந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் விற்பதற்கும் இலவசம் அல்ல.

நம் பக்கம் இளையராஜாவின் பழைய பாட்டிலிருந்து நான்கு விநாடி எடுத்துப் பீட் செய்யும் ஆசை யாருக்குத்தான் இல்லை? 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் தம் பாடலைப் பயன்படுத்தியதற்காக அவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை போனதை நினைவில் கொள்வோம். உறுமியோ தவிலோ வேண்டுமென்றால், ஊரில் வாசிப்பவரை அழைத்து, உரிய தொகையும் பெயரும் கொடுத்து, நாமே பதிவு செய்யலாம். அந்த ஒலி வேறு யாரிடமும் இருக்காது.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

1. பீட்டின் பெயர், நாள், இருவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும்.
2. பொது அனுமதியா, தனி அனுமதியா, உரிமை மாற்றமா என்பது.
3. தொகை, காலம், எத்தனை முறை ஒலிக்கலாம் என்ற வரம்பு.
4. தயாரிப்பாளர் பெயர் எப்படி இடம்பெற வேண்டும் என்பது.
5. இயற்றல் வருமானத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பது.
6. பொது அனுமதி வாங்கியவர் யூடியூப்பின் ‘கன்டென்ட் ஐடி’ முறையில் பாடலைப் பதியக் கூடாது என்பது. அவர் பதிந்தால், அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் பாடலுக்கும் உரிமைக் கோரிக்கை போய்விடும்.

இவற்றோடு, பீட்டின் மூலக்கோப்பை நாளிட்டுச் சேமித்து வையுங்கள். 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிப்புரிமையைத் தாமாக அறிவித்துப் பதியும் வசதியும் உண்டு. வழக்கு என்று வந்தால் அது சான்றாகும். பாடல் வானொலியில் ஒலிக்கத் தொடங்கினால், இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கான தொகையைத் திரட்டும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகலாம்.

நிறைவாக

2021-இல் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை அறியாதவர் நம்மில் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை நினைவிலிருந்து அதை எழுதினார் அறிவு. மண்ணைப் பண்படுத்தியவருக்கு மண் சொந்தமில்லாமல் போன கதை அது. 2024 மார்ச்சில், அப்பாடலால் தங்களுக்கு அதுவரை வருமானமே வந்து சேரவில்லை என்று அதன் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கேள்வி எழுகிறது என்றால், நம் 80 வெள்ளி பீட்டுக்கு எழாதா?

நம் நாட்டில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, ஆண்டுக்கணக்கில் மரத்தை வளர்த்தவர்கள் கையில் ஒரு தாளும் இல்லாமல் வெளியேறினார்கள். அதைக் கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்கு சேர்த்தார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமானது. நம் முன்னோர் ஒரு பத்திரத்துக்காக இவ்வளவு பாடுபட்டார்கள். நமக்கோ பத்திரம் எழுத ஒரு பக்கமும் அரை மணி நேரமும் போதும்.

அடுத்த பீட்டை அனுப்பும் முன், அந்த ஒரு பக்கத்தை எழுதிவிடுங்கள், நண்பர்களே. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், நம் சட்டப் புலத்து நண்பர்களிடம் கேளுங்கள். ஒரு தேத்தண்ணீர் செலவோடு முடிந்துவிடும்.