உக்கிராணத்துச் சாவி

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

சபை மாத இதழில் நீ எழுதிய ‘என் சின்னத் தாலந்து’ கட்டுரையைச் சனிக்கிழமை மத்தியானம் படித்தேன். ராத்திரி எடுத்து மறுபடியும் படித்தேன். ஞாயிறு காலை கோவிலில் உன்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. உனக்கு எழுத வருகிறது. அதனால்தான் அதே இதழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தலைப்பில் மூன்று சொல். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

கீபோர்டு வாசிக்கத் தெரிவதை நீ தாலந்து என்கிறாய். உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. சபைக்குச் சபை தாலந்துப் போட்டி நடத்தி, பாடுகிற பிள்ளைக்கும் வசனம் ஒப்பிக்கிற பிள்ளைக்கும் கோப்பை கொடுத்து நாங்கள்தான் அப்படிப் பழக்கிவிட்டோம். ஆனால் மத்தேயு 25-ஐ நிதானமாகப் படி. எஜமான் பிரயாணம் போகும்போது ஊழியக்காரர் கையில் ஒப்படைத்தது தன் சொந்த ஆஸ்தியை. ஐந்து, இரண்டு, ஒன்று என்று பங்கு பிரித்தது அவனவன் திறமையைப் பார்த்து. அப்படியானால் திறமை வேறு, தாலந்து வேறு. திறமை வெறும் படி. தாலந்து அந்தப் படியில் அளந்து போட்ட நெல். இந்த உவமையை வைத்துத்தான் ஐரோப்பாவில் திறமைக்கே அந்தப் பெயர் வந்தது. பிறகு அது இங்கிலீஷ் வழியாகச் சுற்றி நம் கோவிலுக்குள் நுழைந்தது. நம் வேதாகமத்திலே தாலந்து என்றால் பணம், எஜமானுடைய பணம்.

அதில் ‘சின்ன’ என்ன வேண்டிக்கிடக்கிறது? ஒரு தாலந்து 6,000 தெனாரியம். மத்தேயு 20-இல் திராட்சைத் தோட்டத்துக் கூலியாளுக்குப் பேசிய நாள் கூலி ஒரு தெனாரியம். ஓய்வுநாளும் பண்டிகையும் போக வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 20 வருஷக் கூலி. தாம்பரத்தில் விடியற்காலை தூக்குவாளியோடு வேலைக்குக் காத்து நிற்கிற சித்தாள் பெண்களிடம் இன்றைய கூலியைக் கேட்டு நீயே பெருக்கிப் பார். ஒற்றைத் தாலந்து வாங்கினவன் மண்ணைத் தோண்டிப் புதைத்தது அவ்வளவையும். கொஞ்சம் கிடைத்ததால் அவன் கெடவில்லை, பயத்தால் கெட்டான். அதை அவனே சொல்கிறான். ‘சின்ன’ என்று போட்டால் தாழ்மை என்று நினைத்திருப்பாய். கொடுத்தவருடைய கையைக் குறைத்துப் பேசுவது தாழ்மையில் சேராது தம்பி.

இனி ‘என்’. அதற்கு உன்னை உக்கிராணத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். விசுவாசிகளை நீ ‘கடவுளின் மேனேஜர்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் இதழை மூடி வைத்துவிட்டேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்திலும், பேதுருவின் முதல் நிருபத்திலும், நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘உக்கிராணக்காரன்’ என்ற சொல் கிடக்கிறதே, அதைவிட்டு மேனேஜருக்கு ஏன் போனாய்? உன் வயதுப் பிள்ளைகளுக்குப் புரியாது என்பாய். புரிய வைப்பதுதானே எழுதுகிறவன் வேலை?

எங்கள் ஊர் நாசரேத்துப் பக்கம். எனக்கு எட்டு வயதில் சித்திக்குக் கல்யாணம். தெருவடைத்துப் பந்தல், கொல்லையில் ஆக்குப்புரை, அதை ஒட்டின அறை உக்கிராணம். அரிசி மூட்டை, பருப்பு, தேங்காய், வெல்லம், வாழைத்தார் எல்லாம் அதற்குள். சாவி பெரிய மாமா இடுப்பில். அப்பாவே ஒரு தேங்காய் வேண்டுமென்றாலும் மாமாவிடம்தான் கேட்க வேண்டும். நான் வெல்லக்கட்டிக்கு ஆசைப்பட்டு வாசலில் நின்றபோது மாமா கொடுக்கவில்லை, “இது மாமாவுது இல்ல தாயி, கல்யாண வீட்டுது” என்றார். அதே மாமா, சாயங்காலம் எதிர்பாராமல் இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினபோது ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் நான்கு மூட்டையை அவிழ்த்துவிட்டார். சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார். கடைசிப் பந்தி எழுந்ததும் சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் இலை போட்டு உட்கார்ந்தார்.

உக்கிராணக்காரனுக்கு இரண்டே அவமானம். பந்தி நடுவே சோறு இல்லை என்று வருவது ஒன்று. பந்தியில் ஆட்கள் கையைக் காயவிட்டுக் காத்திருக்க, உள்ளே மூட்டைகளைப் பூட்டி வைத்திருப்பது மற்றது. இரண்டாவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சபைக்கு யாரோ நல்ல பியானோ ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று பூட்டி வைத்தார்கள். திறந்தபோது கரையான் முழுக்கத் தின்றிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நீ தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாய். அந்த ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான மனிதருக்கு உன் கட்டுரையில் இரண்டு வரி, உன் கீபோர்டுக்கு இரண்டு பக்கம். இதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. டாக்டர் சவுரிமுத்து நம் தமிழ்க் கிறிஸ்தவர். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய்க்கு ஆஸ்பத்திரி நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தார். அங்கேயே பேரோடு இருந்திருக்கலாம். 1928-இல் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், 12 படுக்கையோடு சானடோரியத்தைத் திறந்தார். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்ததே 1943-இல்தான். அதுவரை காற்று, வெயில், நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் காசநோய்க்கு முக்கிய வைத்தியம். 1937-இல் ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் கைக்குப் போனது. கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரம் வந்ததும் அதே வருஷம்தான். 1990-களில் எய்ட்ஸ் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பின காலத்தில், அந்த நோயாளிகள் ரயில் ஏறி வந்து சேர்ந்தது இங்கேதான். 12 படுக்கை நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டது. வைத்தியம் அவருடைய திறமை. இருமிக்கொண்டு வந்த சனங்கள்தான் அவர் கையில் ஒப்படைத்த தாலந்து. நீ அதைத் திருப்பிப் போட்டு எழுதிவிட்டாய்.

உன் காரியமும் அப்படித்தான். நீ வாசிக்கிற வேகத்துக்கு முன்வரிசைப் பாட்டிமார் மூச்சு வாங்குகிறார்கள். மூன்றாம் சரணத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். உன் விரல் ஓட்டம் உன் திறமை, நல்ல திறமை. அவர்கள் பாடுகிற பாட்டுத்தான் உன்னிடம் கொடுத்து வைத்தது.

இவ்வளவும் சொன்ன வாயால் இதையும் சொல்கிறேன். கோவில்குட்டியாரைப் பற்றி நீ எழுதியிருக்கிற அந்த ஒரே பத்தி, இங்கே செக்ஸ்டன் என்கிறார்களே அவரைப் பற்றியது, நாற்பது வருஷமாக நான் படித்த சபை இதழ்களில் அதற்கு இணையாக ஒன்று இல்லை. மணிக்கயிற்றை இழுக்கும் முன் அதன்மேல் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு நிற்பார் என்று எழுதினாயே. கிழிந்த பாமாலைப் புத்தகங்களைக் கஞ்சிப்பசை தடவி ஒட்டி, மேலே செங்கல் ஏற்றி வைப்பார் என்று எழுதினாயே. நான் பல வருஷம் அந்தப் புத்தகத்தை விரித்துப் பாடியிருக்கிறேன், யார் ஒட்டினது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பத்தியில் ‘என்’ ஒரு இடத்திலும் இல்லை. நீ யார், உனக்கு என்ன தெரியும் என்பது ஒன்றும் அதில் இல்லை. படித்துவிட்டு அழுதேன். அடுத்த கட்டுரையை முழுக்க அப்படியே எழுது.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டு.

உன் டீச்சர்,
சேலையூர்