பொம்மை சொல்லித்தரும் முதல் மூச்சு

மாத்தூர் பக்கம் பிரசவம்னா, பலரும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியைச் சொல்வாங்க. எந்த ஆஸ்பத்திரியானாலும், பிறக்கும் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி தேவைப்படும். மூச்சே வரவில்லையென்றால், ஒரு நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்து, பையை அழுத்திக் காற்றுக் கொடுக்கணும்.

இதை நர்ஸ் எங்கே பழகுவார்? நிஜக் குழந்தையிடமா? கூடாது! 2009-இல் இந்திய அரசு தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா பயிற்சியில் பொம்மைதான் குழந்தை.

'நியோநாட்டலி' என்ற பொம்மையைப் பாருங்க. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பச்சைக்குழந்தையின் எடை வந்துவிடும். பயிற்சியாளர் ரப்பர் குமிழை அழுத்தினால் தொப்புள்கொடி துடிக்கும். மின்சாரமே வேண்டாம்.

இதில் நம்ம பாடம் எங்கே? ஃபீட்பேக்! மாஸ்க் சரியாகப் பொருந்தினால் மார்பு எழும்பும். ஓரத்தில் காற்று கசிந்தால் எழும்பாது. உடனே தலையைச் சரிசெய்து, மாஸ்க்கை மறுபடி வைக்கணும். வேகம், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை.

ஒருமுறை சான்றிதழ் வாங்கினால் போதாது. பழகாத கை மறந்துவிடும். பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து அடிக்கடி பழகணும்.

புராஜெக்ட் தேடுறீங்களா? கசிவைக் காட்டும் சென்சார் செய்து பாருங்க. ஆனா விலை ஏறி, பொம்மையை பீரோவில் வைத்துப் பூட்டும்படி ஆகிவிடக் கூடாது!