பழைய ஆங்கிலேயப் பத்திரிகை வாங்குமுன் சில குறிப்புகள்

லண்டனின் செசில் கோர்ட் சந்து, வேல்ஸில் ஹே-ஆன்-வை, பழைய ரயில் நிலையத்துக்குள் நடக்கும் அல்ன்விக் பார்ட்டர் புக்ஸ் என்று பிரிட்டனில் பழம்புத்தகக் கடைகளுக்குக் குறைவில்லை. நூறு, நூற்றைம்பது வயதான பத்திரிகைகளும் அங்கே அகப்படும். காசை எடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் தீர்மானியுங்கள். ஒரு பத்திரிகை, ஓர் ஓவியர், ஒரு பத்தாண்டு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். கண்டதையெல்லாம் வாங்கினால் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. 1841-ல் தொடங்கிய 'பஞ்ச்' நகைச்சுவை வார இதழின் பைண்டு தொகுதிகள் எங்கும் மலிந்து கிடக்கின்றன. எனவே கிழிந்த 'பஞ்ச்' என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

2. பைண்டு செய்த தொகுதி பார்வைக்கு அழகுதான். ஆனால் என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஆறு மாத இதழ்களைச் சேர்த்துத் தைக்கும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் உருவி எறிந்துவிடுவார்கள். நம் வீடுகளில் வார இதழின் தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்துத் தைத்தோமே, கிட்டத்தட்ட அதே வேலை. 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் 1891 ஜூலையில் தொடங்கின. அந்த அரையாண்டின் ஆறு கதைகளும், சிட்னி பேஜட்டின் படங்களும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. கதை படிக்க அது போதும். அதே மாதங்களின் தனி இதழ் வெளிர்நீல அட்டையோடும், சோப்பு, கோகோ, மாத்திரை விளம்பரங்களோடும் வந்தால் விலை வேறு. என்னைக் கேட்டால் அந்த விளம்பரங்களுக்கே காசு தரலாம். அன்றைய குடும்பம் எதற்குச் செலவழித்தது, எந்த நோய்க்குப் பயந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

3. கத்தரி பட்டதை ஒதுக்குங்கள். 1842-ல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழைப் பிரித்து, படங்களைத் தனித்தனியாகச் சட்டமிட்டு விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் படங்கள் 1877 இதழ்களில் வந்தன. படத்தை மட்டும் வாங்கினால், அதோடு வந்த செய்தி கைக்கு வராது. முழு இதழ் கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் இரட்டைப் பக்கப் படமும், கிறிஸ்துமஸ் இதழானால் வண்ண இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கழன்று போவது இவைதான்.

4. பெண்களுக்கான பழைய இதழ்களில் உடை வெட்டும் மாதிரித்தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சாமுவேல் பீட்டன் 1852-ல் தொடங்கிய 'இங்கிலிஷ்வுமன்ஸ் டொமெஸ்டிக் மேகசின்' இப்படிப்பட்டது. வாங்கிய பெண்கள் அதை எடுத்து வெட்டித் தைத்துவிட்டார்கள். அதனால் மாதிரித்தாள் அப்படியே இருக்கும் பிரதி அபூர்வம்.

5. பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கட்டும். மரச்செதுக்குப் படத்தில் கோடுகள் முழுமையாக இருக்கும். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். 1787 முதல் வரும் 'கர்ட்டிஸ் பொட்டானிகல் மேகசின்' படங்களுக்கு 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். அதனால் சாயம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் குறையென்று நினைக்க வேண்டாம்.

6. 1855-க்கு முந்திய செய்தி இதழ்களில் சிவப்பு முத்திரை ஒன்றைக் காணலாம். நூலக முத்திரை என்று நினைத்து விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அது அரசாங்கம் வசூலித்த பத்திரிகை வரியின் அடையாளம்.

7. அட்டையின் கவர்ச்சியில் மயங்க வேண்டாம். டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' படமே இல்லாமல், இரண்டு பத்தியில், எழுதியவர் பெயர்கூடப் போடாமல் வறண்டு கிடக்கும். 'ஹார்ட் டைம்ஸ்' நாவல் 1854-ல் அதில்தான் தொடராக வந்தது.

8. வயதை வைத்துத் தாளின் உறுதியைக் கணிக்காதீர்கள். 1731-ல் எட்வர்ட் கேவ் தொடங்கிய 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' கந்தல் துணிக் கூழில் செய்த தாளில் அச்சானது. இன்றும் துவளும், உடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மலிவு இதழ்கள் மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலத்தால் பழுத்து, ஓரம் அப்பளமாக நொறுங்கும். மூலையை மடித்துச் சோதிக்கவே கூடாது.

9. கிழிசலுக்குச் செல்லோடேப் எமன். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும்தான் சரி. அதற்குப் பொறுமை இல்லையென்றால் கிழிசலை அப்படியே விட்டுவிடலாம். துருப்பிடித்த ஊக்கைப் பிடித்து இழுக்காமல், பின்பக்கம் கால்களை நிமிர்த்தி மெதுவாகக் கழற்றுங்கள்.

10. அமிலமற்ற அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து அடுக்குங்கள். பரணும் வேண்டாம், தரைக்கடி அறையும் வேண்டாம். வெயில் விழும் சுவரில் அசலை மாட்டாதீர்கள். நகல் எடுத்து மாட்டுங்கள். கையுறை அவசியமில்லை, கழுவித் துடைத்த கை போதும்.

11. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த, பளிச்சென்ற பச்சைத் துணி பைண்டு கையில் வந்தால் உஷார். அந்தப் பச்சையில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருக்கலாம். தனியாக உறையிலிட்டு வையுங்கள்; தொட்டபின் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத இடம் நல்லது.