சீறா படித்த வீடுகள்

நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து சில புத்தகங்கள் இறங்கும். அட்டை போயிருக்கும், ஓரங்களைச் செல் அரித்திருக்கும். ஒரு சீறாப்புராணம், ஏதேனும் ஒரு மாலை, ஏதேனும் ஒரு கிஸ்ஸா. அரபு எழுத்தில் இருப்பதைக் கண்ணில் ஒற்றிப் பள்ளிவாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். தமிழ் எழுத்தில் இருப்பது எடைக்குப் போய்விடும். அரபு எழுத்தில் இருப்பதும் பல நேரங்களில் தமிழ்தான், அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர் என்பதை அறிந்தவர்கள் நம்மில் அருகிவிட்டார்கள்.

இப்புத்தகங்கள் ஒருவர் மூலையில் உட்கார்ந்து தமக்குள்ளே படித்துக்கொள்ள ஏற்பட்டவையல்ல. ஒருவர் இராகமிட்டுப் படிப்பார். விஷயம் தெரிந்த ஒருவர் பொருள் சொல்வார். வீட்டாரும் அண்டை வீட்டாரும் கேட்பார்கள், இடையிடையே கேள்வியும் கேட்பார்கள். இம்மூவரும் கூடினால்தான் நூல் நூலாக இருந்தது. வஹீயின் முதற்கட்டளையும் ஓதுமாறு வந்ததுதானே! எழுத்தறியாத உம்மி நபியாகிய பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அது ஏட்டைக் காட்டி வரவில்லை. காதுக்கு வந்தது, நாவில் ஏறியது, தோழர்களின் நெஞ்சில் தங்கியது.

சீறாப்புராணம் பிறந்த விதமும் இதற்கு இசைந்ததே. எட்டையபுரத்து உமறுப் புலவரைப் பெருமானாரின் வரலாற்றைப் பாடும்படி தூண்டியவர் வள்ளல் சீதக்காதி. செய்திகளுக்காகப் புலவர் நாடிச் சென்றது காயல்பட்டணத்தில் பிறந்த சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை. அரபுக் கிதாபுகளில் உள்ளதை ஆலிம்கள் எடுத்துரைக்க, அதைக் காதால் வாங்கிப் புலவர் கவிதையாக்கினார் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் வரலாறு. வள்ளல் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். ஆக, 5,027 பாடல்கள் கொண்ட அப்பெருநூலே ஒரு பெரிய கேள்வியின் பயன்தான்.

அந்த நூல் ஹிஜ்ரி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் உள்ள வரலாற்றை 1732-இல் காயல்பட்டணத்துப் பனீ அகுமது மரைக்காயர் பாடி முடித்தார். அதற்குச் சின்னச் சீறா என்று பெயர். பாதியில் நின்ற சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “மீதி எங்கே?” என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்! சீறா முதன்முதலில் அச்சேறியது 1842-இல். அச்சேற்றியவர் அதே ஊர்ப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். அதுவரை அந்நூல் ஏடுகளிலும் நாவுகளிலுமே வாழ்ந்தது. படிப்பாரும் கேட்பாரும் இல்லாமற் போயிருந்தால் அச்சுக்குக் கொடுக்க ஏடு ஏது?

கேள்வி கேட்பதற்கும் நம் இலக்கியத்தில் பெரிய இடமுண்டு. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் முஸ்லிம் நூல்களில் ஒன்றான ஆயிர மசலா (1572) முழுவதும் கேள்வியும் விடையுமே. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கேட்க, பெருமானார் (ஸல்) விடை கூறுவதாக அமைந்தது அது.

நாமறிந்த மேலப்பாளையத்து வீடொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். சீறாவின் நாட்டுப்படலத்தைப் பேரன் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தான். அரபு நாட்டு வருணனை என்றாலும், மழைவெள்ளம் பெருகி வந்து வயல் நிறைகிற காட்சி அது.

“உம்மும்மா, மக்காவுல நம்ம ஆறு மாதிரியா தண்ணி ஓடுது?” என்று நிறுத்திவிட்டான்.

“புலவரு நம்ம பக்கத்து ஆளுலா! கண்ணால கண்ட வெள்ளத்தத்தானே பாடுவாரு” என்றார்கள் அந்த மூதாட்டி.

அவர்கள் பள்ளிக்கூடம் போனவர்களல்லர். திருக்குர்ஆன் ஓதக் கற்ற அரபு எழுத்தின் துணையால் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படித்தவர்கள். மற்றதெல்லாம் கேள்வி ஞானம். பள்ளிக்குப் போகாத எத்தனையோ பெண்களுக்குத் தொழுகை, நோன்பின் மசாயில்களையும் மாலைகளையும் திறந்துவிட்டது அந்த அரபுத்தமிழ். பெண்மக்கள் இன்று கல்லூரி வரை போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பேத்திக்குத் தமிழெழுத்தும் ஆங்கிலமும் வந்தபோது, உம்மும்மாவின் எழுத்து கைவிட்டுப் போயிற்று.

இங்கே ஒரு தடையைச் சிலர் எழுப்புவர். பழைய கிஸ்ஸாக்களிலும் மாலைகளிலும் ஆதாரமற்ற செய்திகள் மலிந்துள்ளன, அவற்றைப் படிக்கலாமா? நியாயமான கேள்வி. பெருமானார் (ஸல்) சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்பதை யாரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இது இன்று தோன்றிய கவலையுமன்று. பக்தாதில் வாழ்ந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) கதை சொல்லிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். பொய் கலப்போரையும் வேடம் போடுவோரையும் வன்மையாகக் கண்டித்தார்கள். ஆனால் அந்தப் பணியையே ஒழித்துவிடச் சொல்லவில்லை. கதை சொல்பவர் கல்வியறிவுடையவராக இருக்கவேண்டும் என்றார்கள். நாம் என்ன செய்தோம்? ஆதாரமற்ற கதையை நிறுத்தப் போய், வாசிப்பையே நிறுத்திவிட்டோம். அந்த நேரத்தை இப்போது யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவரவர் வீட்டுக் கூடத்தைப் பார்த்தால் தெரியும். முன்பு தொலைக்காட்சி, இன்று ஆளுக்கொரு கைப்பேசி.

பொருள் சொல்பவர் உடனிருந்தால் பழைய நூலும் பாழ்படுத்தாது. இது புலவரின் கற்பனை, இது ஹதீஸில் உள்ளது என்று அவர் பிரித்துக் காட்டிவிடுவார். காயல்பட்டணத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதம் முழுவதும் நடைபெறும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸைப் பாருங்கள். அரபியில் ஹதீஸ் ஓதப்படுகிறது; ஆலிம்கள் தமிழில் விளக்கம் தருகிறார்கள்; ஊர் கேட்கிறது.

கேட்டு வளர்ந்த காது என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, நம் திருநெல்வேலியில் வத்தல் வியாபாரம் செய்து வாழ்ந்து, 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். தமிழைப் பள்ளியில் முறையாகக் கற்றவரல்லர். அவருடைய முதல் நாவலான ஒரு கடலோர கிராமத்தின் கதை முஸ்லிம் முரசில் தொடராக வந்தது. சாய்வு நாற்காலிக்கு 1997-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அந்த நடை இலக்கணப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்த பேச்சிலிருந்து வந்தது.

ஆகவே, இஷாவுக்குப் பின் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எடுத்தவுடன் சீறாவின் செய்யுளில் இறங்கவேண்டாம், பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். நம்பத்தகுந்த உரைநடையில் உள்ள நபி வரலாற்றில் ஹிஜ்ரத் பகுதியைத் தொடங்கலாம். அதற்கேற்ற சீறாப் பாடல் ஒன்றிரண்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். படிப்பது பிள்ளையாக இருக்கட்டும். பொருள் சொல்வது உம்மாவோ வாப்பாவோ ராத்தாவோ, யாருக்கு வருமோ அவர்கள். பிழையாகப் படித்தால் உடனே அதட்டவேண்டாம். விடை தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, குறித்து வைத்து, ஜும்ஆவுக்குப் போகும்போது இமாமிடம் கேட்டு வாருங்கள். இதில் வெட்கமில்லை. பிள்ளைக்கு அந்த விடையைவிட, வாப்பா அதைக் கேட்கப் போனது நினைவிருக்கும்.

பரணில் உள்ள புத்தகங்களைப் பற்றியும் ஒன்று. எடைக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள். அரபு எழுத்தாயிருந்தால், அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர் யாரேனும் உங்கள் தெருவில் இருக்கிறாரா என்று விசாரித்து, ஒரு பக்கமாவது அவர் வாயால் படிக்கக் கேளுங்கள். மக்ரிபுக்குப் பின் போனால் வீட்டில் இருப்பார்கள்.