டயரைத் தடவிப் பார்

அன்புள்ள இளமதிக்கு,

காஸ்டர், கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்கள் மூன்றையும் படித்துவிட்டேன், ஆனால் டயரைத் தேய்ப்பது எது, ஸ்டீயரிங்கை இழுப்பது எது என்று பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். பாடப்புத்தகம் மூன்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கிறது. பட்டறையில் மூன்றும் சமமில்லை.

டோவிலிருந்து தொடங்கு. வண்டியை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள். முன்சக்கரங்களின் முன்பகுதி நெருங்கியும் பின்பகுதி விலகியும் இருந்தால் டோ-இன், மாறியிருந்தால் டோ-அவுட். ஒரு சக்கரம் ஓடும் திசையிலிருந்து ஒரு டிகிரி திரும்பியிருந்தால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. ஒரு டிகிரியின் சைன் மதிப்பை 1000-ஆல் பெருக்கு, நீயே கண்டுகொள்வாய். பிழை பத்தில் ஒரு பங்கு டிகிரியாக இருந்தாலும் சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் அந்த ரப்பர் முக்கால் கிலோமீட்டர் தார்மேல் குறுக்கே உரசியிருக்கும். அலைன்மென்ட் கெட்ட வண்டியில் டயரை முதலில் காவு வாங்குவது டோதான் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒருபக்கம் ஒடித்து வை. டயரில் கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு, டயரின் தரைதொடும் பட்டன்மேல் உள்ளங்கையை வை. வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்குத் தடவு. பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும் கை, மறுதிசையில் ரம்பப்பல்லில் பட்டதுபோல் தடுக்கும். உள்ளே போகும்போது வழுவழுப்பு, வெளியே வரும்போது தடுப்பு என்றால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட்.

கேம்பர் என்பது வண்டியை எதிரில் நின்று பார்த்தால் தெரியும் சாய்வு. சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். நெகட்டிவ் மிஞ்சினால் உள்விளிம்பு மட்டும் மழமழவென்று தேயும். நின்றபடி பார்ப்பவருக்கு டயர் புதிதுபோலவே தெரியும், உள்ளே மொட்டையாகியிருக்கும். எத்தனையோ பேர் டயர் வெடித்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு விளிம்பும் சேர்ந்து தேய்ந்திருந்தால் கேம்பரைக் குறை சொல்லாதே. அது காற்று குறைவாக ஓடிய டயர்.

காஸ்டர் டயரை அதிகம் தொடுவதில்லை. அது ஸ்டீயரிங்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது. சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருப்பதால், அந்த அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்குப் பின்னால் டயர் இழுபட்டு வருகிறது. வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராவது இதனால்தான். காஸ்டர் கூடினால் ஸ்டீயரிங் கனக்கும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இருபக்கமும் ஒத்துப்போகாவிட்டால் காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். கேம்பர் வேறுபட்டால் பாசிட்டிவ் அதிகமுள்ள பக்கம் இழுக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். மெக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள சிறிய கார்கள் பலவற்றில் டை ராடைத் திருகி டோவை மட்டுமே சரிசெய்ய முடியும். அவற்றில் கேம்பர் விலகியிருந்தால் ஸ்ட்ரட்டோ, லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம், புஷ் தளர்ந்திருக்கலாம். அதைத் தேடாமல் டோவை மட்டும் வைத்து அனுப்பும் வேலை எனக்குச் சம்மதமில்லை. புது டயரும் அதே பக்கம் தேயும். அதனால் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றும் முன் டயர் காற்றைச் சரிபார்த்து, பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல். மூன்று கோணங்களும் மாற்றத்தக்க வண்டியானால் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. முதல் இரண்டை அசைத்தால் டோவும் நகரும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்கு.

எல்லா அளவும் சரியாக வந்தும் வண்டி இழுத்தால் டயரையே சந்தேகப்படு. ஒரே திசையில் மட்டும் ஓடவேண்டிய அம்புக்குறி டயராக இல்லாவிட்டால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார். இழுப்பு எதிர்ப்பக்கம் போய்விட்டால் கோளாறு டயருக்குள் இருக்கிறது. மெஷினில் மறுபடி ஏற்றிப் பயனில்லை.

அன்புடன்,
மாமா