கைப்பிரதியோடு பட்டாசு ஊருக்கு வருகிறவர்களுக்கு

கோடை விடுமுறை தொடங்கியதும் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் சுற்றுவட்டாரத்துக்கு வேன்கள் வரத் தொடங்கும். நெல்லையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வாலிபர் குழுக்கள், கைப்பிரதிக் கட்டு, ஒலிபெருக்கி, தண்ணீர் கேன். நாலு கிராமத்தில் ஊழியத்தை முடித்துவிட்டுச் சாட்சி சொல்ல ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்கள் பேசிவிட்டுப் போனதற்குக் கடைத்தெருவில் பதில் சொல்கிறவர்கள் உள்ளூர்ச் சபைக்காரர்கள். அந்தப் பக்கம் நின்று எழுதியது இந்தப் பட்டியல். நம் விசுவாசத்தைப் பற்றி யாரிடமும் பேசலாம். அவர் விழுந்து கிடக்கிற நேரம் பார்த்துப் பேசக்கூடாது. கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

செய்ய வேண்டியவை

1. ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

"இன்னும் சுவிசேஷம் எட்டாத பகுதி" என்று ஜெபக் குறிப்பில் போட்டுக்கொள்கிறார்கள். சிவகாசிக்கு அது பொருந்தாது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்வரிசையில் தேறிய தாமஸ் ராக்லண்ட், சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் சென்னைச் செயலாளர் வேலையை விட்டுவிட்டு 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரோடும் வடதிருநெல்வேலிக்கு வந்தார். கூடாரம் அடிப்பது, சில நாள் தங்கிப் பேசுவது, பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பது என்பதுதான் அவர்கள் முறை. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களைத் தங்கள் செலவிலேயே முறைவைத்து வடக்கே அனுப்பின. பின்னாளில் சென்னையில் பேர்பெற்ற போதகரான சத்தியநாதனும் அந்தக் கூடாரங்களில் இருந்தவர்தான். நாலு வருடம் அலைந்த ராக்லண்ட், 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். கண்ணால் அவர் கண்ட பலன் சொற்பம். அந்தப் பணியின் தொடர்ச்சியாக இன்றும் சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் இருக்கிறது.

தெற்கே பனையேறி நாடார்கள் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்த காலம் அது. வடக்கே சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை நாடார் வியாபாரிகள் சேரவில்லை. அவர்களுக்கு உறவின்முறை இருந்தது, பேட்டை இருந்தது, மகமை இருந்தது. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவில் வைத்த காசு கோயிலாகவும் கிணறாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் எழுந்தது அப்படித்தான். கோயில் நுழைவுத் தகராறு முற்றி 1899-இல் சிவகாசிக் கொள்ளை எனப்படும் கலவரம் நடந்த பிறகும், மதம் மாறி அந்த அவமானத்திலிருந்து தப்பலாம் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. கோயிலுக்குள் போவதற்காகவே அடிபட்டவர்கள் கோயிலை விட்டுப் போவார்களா? இதைத் தெரியாமல் ஓர் அண்ணாச்சியின் கடை வாசலில் நின்று "உங்களுக்கு விடுதலை வேண்டாமா?" என்று ஆரம்பித்தால், அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார்.

இன்னொன்று. இது காலண்டர் அச்சடிக்கும் ஊர். முருகன் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் மெக்கா படமும் ஒரே மிஷினிலிருந்து அடுத்தடுத்து வந்து விழும். தினம் ஒரு வேத வசனம் போட்ட காலண்டரை வெட்டி, அடுக்கி, கட்டுப் போடுகிற பெண்ணுக்கு உங்கள் கைப்பிரதியில் இருக்கும் வசனம் புதிதாக இருக்காது.

2. வாசலிலேயே யார் என்று சொல்லுங்கள்.

எந்தச் சபை, எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை முதல் பேச்சில் சொல்லிவிட வேண்டும். "சர்வே எடுக்கிறோம்", "மருத்துவ முகாம்" என்று உள்ளே நுழைந்து உட்கார்ந்த பிறகு வேதாகமத்தை எடுப்பது திருட்டு வேலை. "வேண்டாம்பா" என்றால் வணக்கம் சொல்லிக் கிளம்புங்கள். மறுநாள் வேறோர் ஆளை அனுப்பிப் பார்ப்பதும் வேண்டாம்.

3. நேரம் பாருங்கள்.

பட்டாசு ஆலை வண்டி காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி கைக்கு வரும். அன்றைக்குக் கடன்காரர், சீட்டுக்காரர், பலசரக்குக் கடை என்று வீட்டுக்காரிக்கு ஆயிரம் கணக்கு. ஞாயிறு, துணி துவைத்து, விரலில் ஏறிய அலுமினியப் பொடியைத் தேய்த்துக் கழுவி, பிள்ளைக்குத் தலைவாரிவிட அவளுக்குக் கிடைக்கும் ஒரே நாள். வாசலில் வாளியோடு நிற்கிறவளை நிறுத்தி அரை மணி நேரம் பேசாதீர்கள். அவள் மரியாதைக்குத் தலையாட்டுவாள். அதை ஆர்வம் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

4. கொடுப்பதைக் கொக்கி இல்லாமல் கொடுங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் பம்பாயில் இருக்கிறது. 1829-இல் அங்கே வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் யூதர்கள் மேல் தனிக் கவனம் வைத்தார். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதாலேயே ஊராரால் அடையாளம் காணப்பட்ட பெனே இஸ்ரவேலர் அவர்கள். அவர்களில் பலர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். வில்சன் 1832-இல் மராத்தி மொழியில் எபிரேய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். மிஷன் பள்ளிகள் யூதப் பிள்ளைகளைச் சேர்த்து எபிரேயம் கற்பித்தன. பிள்ளைகள் நன்றாகக் கற்றார்கள். கற்ற எபிரேயத்தைக் கொண்டு தங்கள் தோராவைத் தாங்களே வாசித்தார்கள். முன்னைவிட உறுதியான யூதர்களாக ஜெபஆலயத்துக்குப் போனார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிஷன் கணக்கில் இது தோல்வி. அந்தச் சமூகம் இன்றுவரை நன்றியோடு நினைப்பது அந்தப் பள்ளிக்கூடங்களைத்தான். சிவகாசியில் டியூஷன் நடத்துகிறீர்களா, தையல் மிஷின் கொடுக்கிறீர்களா? வாங்கியவர் கடைசிவரை பத்ரகாளியம்மனையே கும்பிட்டாலும் உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது. வருமென்றால் கொடுக்காமல் இருப்பதே மேல்.

5. பிரசாதம் நீட்டினால் பதற வேண்டாம்.

வீட்டுக்கு வந்தவருக்கு எதையாவது கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் இங்கே கிடையாது. பொங்கல் காலத்தில் மாவிளக்கும் திருநீறும் சேர்ந்தே வரும். உங்கள் மனசாட்சி ஒப்பவில்லையென்றால் கையைக் கூப்பி, "இருக்கட்டும்மா, தண்ணி மட்டும் குடுங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள். தட்டைப் பார்த்ததும் ஒதுங்குவதையும் முகம் சுளிப்பதையும்தான் மன்னிக்க மாட்டார்கள்.

செய்யக்கூடாதவை

6. தீக்காய வார்டுக்கு ஊழியத்துக்காகப் போகாதீர்கள்.

வெடி விபத்து என்றால் சிவகாசி அரசு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் நிற்க இடம் இருக்காது. மோசமானவர்களை மதுரைக்கு ஏற்றிவிடுவார்கள். வராண்டாவில் ஓடிவருகிற உறவினர் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பர்சன்ட்?" நாற்பது என்றால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். எழுபது என்றால் வயதான பெண்கள் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து குனிந்து, "இயேசுவை ஏற்றுக்கொள்ளுங்கள், பிள்ளை பிழைப்பான்" என்று சொன்னால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

மருத்துவக் காரணமும் இருக்கிறது. தோல் வெந்துபோன உடம்புக்குக் கிருமித் தொற்று எமன். வெளியே போட்டு நடந்த செருப்போடு உள்ளே போய்த் தலையில் கை வைத்து ஜெபிப்பது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் பூசுவது அதைவிட மோசம். "மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள்" என்று சொல்கிறவரைச் சபையே போலீசில் ஒப்படைக்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் செத்தார்கள். உதவி செய்ய ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அப்படிப்பட்ட சாவைக் காட்டி "இது கடவுளின் எச்சரிப்பு" என்று பேசுவதற்கு ஒரு கல் மனசு வேண்டும். ஆலையில் சாகிறவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்பதாவது அப்படிப் பேசுகிறவர்களுக்குத் தெரியுமா?

உதவ விருப்பமா? கூட இருப்பவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். ரத்தம் கொடுங்கள். மதுரைக்குப் போக வர பஸ் காசு கொடுங்கள். எல்லாவற்றையும்விட, காகித வேலையில் கைகொடுங்கள். ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், செத்தவர் பெயர் பதிவேட்டிலேயே இல்லாமல் போகலாம். கூலிச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. எண், வேலைக்குக் கூட்டிப்போன வண்டிக்காரர் சாட்சி என ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மனு எழுதித் தர ஆள் கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடைக்க வழி பிறக்கும். எந்த மதம் என்று கேட்காமல் செய்யுங்கள். உங்கள் மதம் என்ன என்பதை அவர்கள் கேட்டால் ஒழியச் சொல்லாதீர்கள்.

7. ஆலை வாசலில் கூட்டம் போடாதீர்கள்.

செல்போன், மெழுகுவத்தி, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி ஒயர் எதுவும் அங்கே ஆகாது. விளக்கம் தேவையில்லை.

8. தீபாவளியைத் திட்டிப் பிரசங்கம் செய்யாதீர்கள்.

வெளியூர்ப் பிரசங்கிகளுக்கு இது பிடித்த தலைப்பு. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஆமென் சொல்கிற சபையில் பாதிப் பேர் அந்தத் தீபாவளிக்காக வருடம் முழுக்கத் திரி வெட்டுகிறவர்கள், குழாய் உருட்டுகிறவர்கள். காணிக்கைப் பையில் விழுகிற தசமபாகம் லட்சுமி வெடியிலிருந்து வந்தது. அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு பண்டிகையை மட்டும் பழிப்பது எந்த ஊர் நியாயம்?

9. திருவிழாக் கூட்டத்தில் கைப்பிரதி கொடுக்காதீர்கள்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறவர் கையில் எதைத் திணிப்பீர்கள்? ஆடி மாதம் இருக்கன்குடிக்கு நடக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். தண்ணீர்ப் பந்தல் வைக்க ஆசையிருந்தால் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

10. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டாதீர்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மிட்டாய், பென்சில் டப்பா என்று இழுப்பது எளிது. தாயும் தகப்பனும் ஆலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நடப்பதால் இன்னும் எளிது. முந்தின நாள் இரவே வீட்டுக்குப் போய், என்ன பாட்டு, என்ன கதை என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தராவிட்டால் அந்தப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

11. வெந்த உடம்பைப் படம் பிடித்து நன்கொடைக் கடிதத்தில் போடாதீர்கள்.

சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டு விருந்தாளியை மேடையேற்றிப் பிரசங்கிக்க வைப்பதும் கூடாது. அந்த விசாவில் அதற்கு அனுமதி இல்லை. ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்காமல் இருப்பதும், இரவு 10 மணியைத் தாண்டி அலற விடுவதும் இதே வரிசைதான்.

12. சட்டத்தைப் பாதி படித்துவிட்டுப் பேசாதீர்கள்.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம் 1977-இல், ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அப்போதைய அரசாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்காக இனி எதையும் பேசலாம் என்று அர்த்தமில்லை. அடுத்தவர் மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவில் வழக்குக்கு இடம் இருக்கிறது. வழக்கு வந்தால் சிறைக்குப் போவது வேனில் வந்தவராக இருக்காது, கூட்டத்துக்கு இடம் கொடுத்த உள்ளூர்க்காரராகவே இருக்கும்.

13. சாதிச் சான்றிதழ் விஷயத்தை மறைக்காதீர்கள்.

நாடார் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவர் இடம் மாறுவதில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு அப்படி அல்ல. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்க முடியும். ஞானஸ்நானம் பெற்றால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் வருவார். மகளின் கல்லூரி இடம், உதவித்தொகை, அரசு வேலை எல்லாவற்றையும் தொடுகிற விஷயம் இது. சபைகள் பலவும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. "சான்றிதழில் இந்துவாகவே இருந்துகொள்ளுங்கள்" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. ஞானஸ்நானத் தேதி குறிக்கும் முன்பே, குடும்பத்தார் எல்லோரையும் உட்கார வைத்து இதை விளக்கிச் சொல்லுங்கள். யோசிக்க அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் வருகிறேன் என்பவர் வரட்டும். இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குகிற போதகர் அந்தக் குடும்பத்தை ஏமாற்றுகிறார்.